பழைய வீட்டை மாத்துறதுக்கு முன்னாடி: முதல்ல தண்ணி, கடைசியா கலர்

தம்பி கேட்டிருக்கிறது இதுதான். செட்டிநாட்டுல பள்ளத்தூர் பக்கம் ஐயா காலத்து வீடு, முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுத்தி அறைகளும் உள்ள கட்டு), ரெண்டாங்கட்டு, பின்கட்டுன்னு தெருவுக்குத் தெரு நீளமா போற வீடு, வருசத்துல பாதி நாள் பூட்டிக் கெடக்கு, படைப்புக்கும் (முன்னோரைக் கும்புடுற குடும்பச் சடங்கு) கல்யாணத்துக்கும் மட்டும் எல்லாரும் வர்றாங்க. சுவர் கீழ்ப்பக்கம் உப்புப் பூத்து உதிருது, ஓடு ஒழுகுது, தூண்ல எல்லாம் யாரோ பச்சை எனாமல் அடிச்சு வச்சிருக்காங்க. இப்ப போன்ல வர்ற "முன்னாடி இப்படி இருந்துச்சு, இப்ப இப்படி" படங்களைப் பார்த்துட்டு நம்ம வீட்டையும் அப்படி ஆக்கணும்னு ஆசை வந்திருக்கு. காண்ட்ராக்டர் வந்து பார்த்துட்டு சுவரைக் கொத்தி சிமெண்ட் பூசிரலாம், மட்டப்பா (தட்டையான மாடிக் கூரை) மேல கான்கிரீட் போட்டுரலாம், தரையைப் பேத்துட்டு விட்ரிஃபைடு டைல்ஸ் போட்டுரலாம், முற்றத்துக்கு மேல பாலிகார்பனேட் ஷீட் போட்டா மழை உள்ள வராது, ஒரே சீசன்ல முடிச்சுக் கொடுத்துர்றேன்னு சொல்லிருக்காரு. இது சரியா, எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேள்வி.

காரைக்குடி சுத்துப்பட்டுல பழைய வீட்டு வேலைதான் எனக்குப் பொழப்பு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க. சுருக்கமா கேட்டா, வீட்டை மாத்த முடியும், ரொம்ப அழகாவே முடியும், ஆனா காண்ட்ராக்டர் சொன்ன நாலும் வேண்டாம். நாலுமே போட்டோவுக்கு நல்லா இருக்கும், வீட்டுக்கு ஆகாது.

அந்த முன்-பின் படங்கள்ல என்ன தெரியுதுன்னு ஒரு தடவை நிதானமா பாருங்க. முகப்பு தெரியும், தூண் தெரியும், தரை மினுக்குறது தெரியும். ஒரு படத்துலயாவது கூரையோட மேல்பக்கம் பார்த்திருக்கீங்களா, முற்றத்துத் தண்ணி வெளிய போற சலதாரை எங்க போய் விழுகுதுன்னு காட்டிருக்காங்களா? முன்னாடி படம் சன்னலைச் சாத்தி இருட்டுல எடுத்திருப்பாங்க, பின்னாடி படம் எல்லா விளக்கையும் போட்டு எடுத்திருப்பாங்க, நடுவுல நடந்த வேலைதான் வீட்டைக் காப்பாத்துனது, அதை யாரும் படம் புடிக்கிறதில்ல. நம்ம வீடுகளைப் பொறுத்தவரைக்கும் அந்த நடு வேலை முக்காவாசி தண்ணி வேலை. மேலருந்து வர்ற தண்ணி, கீழருந்து ஏர்ற ஈரம், இது ரெண்டையும் ஒழுங்கு பண்ணாம நீங்க என்ன கலர் அடிச்சாலும் ரெண்டு மழைக்கு மேல நிக்காது.

இந்த வீடெல்லாம் ஏன் இப்படி ஆச்சுன்னும் தெரிஞ்சுக்கணும், ஏன்னா மருந்து அதுலதான் இருக்கு. பெரிய வீடுகள்ல பெரும்பாலானது 1800கள் கடைசியிலருந்து 1940 வரைக்கும் கட்டுனது. பர்மா, மலேயா, இலங்கை, சைகோன்னு நகரத்தாருங்க கொண்டுவிக்கப் போய்ச் சம்பாதிச்ச காசு இங்க தேக்கா, பளிங்கா, கண்ணாடியா வந்து இறங்குச்சு. 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்ததும் நம்ம ஆளுங்க நடந்தும் கப்பல்லயும் ஓடி வந்தாங்க, பர்மா சுதந்திரம் அடைஞ்சதுக்கு அப்புறம் அங்க நிலமெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிருச்சு, வருமானம் நின்னுச்சு, புள்ளைங்க மெட்ராஸ், மதுரை, கோயம்புத்தூருன்னு போயிட்டாங்க. வீடு இடிஞ்சது சண்டையாலயும் இல்ல, மோசமாக் கட்டுனதாலயும் இல்ல. பூட்டி வச்சதால. தினமும் சன்னலைத் தொறந்து, முற்றத்தைக் கூட்டி, வருசா வருசம் ஐப்பசிக்கு முன்னாடி ஓடு மாத்தி, பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிச்சு இருந்த வரைக்கும் வீடு கல்லு மாதிரி நின்னுச்சு. ஆளு இருந்து பாக்குற வீடா கட்டுனது அது, ஆளில்லாம அதுக்கு நிக்கத் தெரியாது.

சரி, கூரைக்கு வாரேன். இதைத்தான் ரொம்ப நேரம் பேசணும்.

உங்க வீட்ல ரெண்டு விதக் கூரை இருக்கும். வளவைச் சுத்தி சரிவா நாட்டு ஓடு, முகப்பு மாடிக்கு மேல மட்டப்பா. நாட்டு ஓட்டுல ஒழுகுனா முதல்ல ஓட்டைப் பழி சொல்லாதீங்க. ஏணி வச்சு ஏறி, ரெண்டு சரிவு சேர்ற மூலையைப் பாருங்க, அங்கதான் சருகும் மண்ணும் அடைச்சு, தண்ணி ஓட வழியில்லாம பின்னாடி ஏறி உள்ள இறங்கும். அதுக்கப்புறம் குரங்கு. எங்க பக்கம் குரங்கு ஓடுறதுல ஓடு நகந்தே போயிரும், ஒரு விரல்கட்டை இடுக்கு போதும் கீழ ஓட்டைத் தாங்குற ரீப்பர் சட்டம் இத்துப்போக. அப்புறம் அரசங்கன்னு. காக்கா போட்ட விதை செவுத்து இடுக்குல முளைச்சு வேர் விட்டு செங்கலையே பொளந்துரும், மேல வெட்டிவிட்டா போதும்னு நினைக்காதீங்க, வெட்ட வெட்ட வேர் தடிக்கும், வேரைத் தோண்டி எடுத்துட்டு அந்த ஓட்டையைச் சுண்ணாம்புக் கலவை வச்சு அடைக்கணும்.

ஓடு பிரிச்சு மாத்துறப்ப ஒண்ணு செய்யுங்க, நல்லா இருக்குற பழைய ஓட்டையெல்லாம் ஒதுக்கி வச்சு, தெருப்பக்கமும் முற்றத்துப் பக்கமும் கண்ணுல படுற இடத்துக்கு அதைப் போடுங்க, புது ஓட்டை உள்சரிவுக்குப் போட்டுக்கலாம். கூரைச் சரிவைத் தாங்குற கைமரம் மாத்துறப்ப முழுசா மாத்தச் சொல்லி ஆசாரியை நெருக்காதீங்க, பர்மாத் தேக்கு அவ்வளவு சீக்கிரம் போகாது, செவுத்துக்குள்ள போற முனை மட்டும்தான் ஈரம் பட்டு இத்திருக்கும், அந்த முனையை வெட்டிட்டு அதே சாதி மரத்துல ஒட்டுப் போடத் தெரிஞ்ச ஆசாரிங்க இன்னும் இருக்காங்க. முழு மரத்தையும் கழட்டுனா அது எங்க போகும்னு அப்புறம் சொல்றேன்.

மட்டப்பா விஷயத்துலதான் நிறைய வீடு போயிருக்கு. மெட்ராஸ் டெரஸ்னு சொல்றது, தேக்குக் கட்டைகளை நெருக்கமா அடுக்கி, மேல சின்ன செங்கலைக் குத்துக்குத்தா கோணவாட்டுல சுண்ணாம்பு வச்சு அடுக்கி, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாள் கணக்குல கட்டையால அடிச்சு இறுக்கி, கடைசியா தட்டோடு (தட்டையான ஓடு) பதிச்சது. இது ஒழுகுதுன்னதும் மேல ரெண்டு இஞ்ச் கான்கிரீட் போட்டுர்றாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2400 கிலோ, ரெண்டு இஞ்ச் கனத்துல பத்துக்குப் பத்து ரூம் மேல மட்டும் ஒரு டன்னுக்கு மேல புதுப் பாரம் ஏறுது. தொண்ணூறு நூறு வருசமா ஒரு பாரத்தைத் தாங்கிட்டு இருந்த கட்டை மேல இத்தனையை ஏத்தினா நடுவுல தொங்கும், தொங்குனா கான்கிரீட் வெடிக்கும், வெடிப்புல தண்ணி இறங்கும், மேல கான்கிரீட் மூடி இருக்குறதால இறங்குன தண்ணி காய வழியில்லாம கட்டைக்குள்ளேயே கெடக்கும். முன்னாடியாவது ஒழுகுறது கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு, இப்ப தெரியாது, ஒரு நாள் பொத்துன்னு வந்துரும்.

அதுக்குப் பதிலா, பழைய தட்டோட்டையும் அதுக்குக் கீழ பொரிஞ்சு போன சுண்ணாம்பையும் மட்டும் எடுத்துட்டு, கட்டை முனையெல்லாம் பார்த்து, திரும்பச் சுண்ணாம்பு ஜல்லி போட்டு அடிச்சு, தண்ணி போற பக்கம் வாட்டம் குடுத்து, தட்டோடு பதிக்கணும். பாரம் பழைய பாரம்தான், புதுசா எதுவும் ஏறல. வேலை நாள் கூடத்தான் ஆகும், ஆகட்டும். தை பொறந்ததும் ஆரம்பிச்சு வைகாசிக்குள்ள கூரையை முடிச்சிருங்க, ஆவணி புரட்டாசியில சாயங்கால மழை ஆரம்பிச்சுரும், ஐப்பசி கார்த்திகை மழைக்குள்ள கூரை தொறந்து கெடக்கக் கூடாது. ஒரே சீசன்ல வீட்டையே முடிக்கிறேன்னு சொல்றவரு எந்த மாசத்துல எதைத் தொறக்கப் போறாருன்னு கேளுங்க, அந்தப் பதில்லயே ஆளு தெரிஞ்சுரும்.

அடுத்து சுவர். கீழ மூணு நாலு அடி உப்புப் பூத்து உதிருதுன்னு சொன்னீங்க. செங்கலும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டுன சுவர் தரையிலருந்து ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சுனதைச் சுண்ணாம்புப் பூச்சு வழியா காத்துல விட்டுரும். இந்த மூச்சுதான் அந்தச் சுவருக்கு உசுரு. அது மேல சிமெண்ட் பூசுனா வெளிய போக வழியில்லாம ஈரம் மேல மேல ஏறும், மூணு அடியில இருந்த உப்பு அஞ்சு அடிக்குப் போகும், சிமெண்ட் பூச்சு பலகை பலகையா கழண்டு விழும், விழுறப்ப சும்மா விழாது, உள்ள இருக்குற பழைய செங்கலோட தோலையும் பிச்சுக்கிட்டு விழும். உங்க வீட்லயே ஏற்கனவே யாராவது கீழ்ப்பக்கம் சிமெண்ட் பூசி வச்சிருப்பாங்கன்னு நினைக்கிறேன், ஒரு சாவியால தட்டிப் பாருங்க, பொள்ளுன்னு சத்தம் கேக்குற இடமெல்லாம் அதான். உப்புக்கு மேல வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட் அடிக்கிறதும் இதே கதைதான்.

செய்ய வேண்டியது, அந்த சிமெண்டைப் பைய எடுத்துட்டு, சுவரை ஒரு கோடை முழுக்கச் சும்மா காய விடுங்க. அதுவும் ஒரு வேலைதான், அவசரப்பட்டா எதுவும் ஒட்டாது. சுவரோரம் வெளிய மண்ணு ஏறி வீட்டுத் தரைக்குச் சமமா வந்திருந்தா வெட்டி இறக்குங்க, ரோடு போட்டுப் போட்டு தெரு ஒசந்து போனதுல எங்க பக்கம் எத்தனையோ வீட்டுக்கு ஈரம் ஏறுனது இதனாலதான். காஞ்சப்புறம் உப்பை நார் பிரஷ்ஷால தேச்சு எடுத்து, தண்ணி ஊத்திக் கழுவாம, சுண்ணாம்புப் பூச்சு பூசுங்க.

அந்தப் பூச்சு பத்தி எல்லாரும் முட்டை முட்டைன்னு ஒண்ணைத்தான் சொல்றாங்க. முட்டை வெள்ளைக்கரு கடைசிப் பூச்சுக்குப் போறது. அடியில இருக்குற பூச்சுக்கு நீத்துப்போட்ட சுண்ணாம்பு, சலிச்ச மணல், கடுக்காயை இடிச்சு நாள் கணக்குல ஊற வச்ச தண்ணி, அதுல கருப்பட்டியோ வெல்லமோ கரைச்சது. கலவையை அரைக்கணும், மம்பட்டியால கெளறுனா மட்டும் பத்தாது. ஒவ்வொரு பூச்சா கனம் குறைச்சு, மணலைச் சன்னமாக்கிக்கிட்டே போய், மேல சிப்பிச் சுண்ணாம்பும் வெள்ளைக்கல்லுப் பொடியும் வெள்ளைக்கருவும் சேர்த்து மாவு மாதிரி அரைச்சதை இழைச்சு, கூழாங்கல்லால தேச்சுத் தேச்சுப் பளபளப்பு ஏத்துவாங்க. அதுல கை வச்சீங்கன்னா மத்தியானத்துலயும் ஜில்லுன்னு இருக்கும். சுண்ணாம்பு காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடை இழுத்துத்தான் திரும்பக் கல்லா மாறும், அது மாசக்கணக்குல நடக்குற வேலை, அதனால கத்திரி வெயில்ல பூசுனா ஈரச் சாக்குத் தொங்க விட்டுக் காப்பாத்தணும்.

உங்களுக்கு ஒரு நல்ல சேதி என்னன்னா, அந்தப் பழைய பூச்சு வளவுச் சுவர்ல இன்னும் இருக்கலாம், மேல டிஸ்டெம்பர், அதுக்கு மேல எமல்ஷன்னு ஏறி மறைஞ்சிருக்கும். கண்ணுல அதிகம் படாத ஒரு மூலையில ஒரு சாண் இடத்துக்கு வெந்நீர்த் துணியை ஒத்தி வச்சு, மரக்கரண்டி மாதிரி மழுங்குன எதாவது வச்சுப் பைய சொரண்டிப் பாருங்க. உள்ள வெள்ளையா, கண்ணாடி மாதிரி வந்துச்சுன்னா புதுப் பூச்சே தேவையில்ல, பெயிண்ட்டை எடுக்குறதுதான் வேலை. எனக்குத் தெரிஞ்சு இந்தத் தொழில்ல இதைவிடச் சந்தோசமான நேரம் வேற இல்ல, ஒரு சாண் வெள்ளை தெரிஞ்சதும் வீட்டுக்காரங்க முகத்தைப் பாக்கணும்.

தரைக்கு வருவோம். ஆத்தங்குடிக் கல்லைப் பேத்துட்டு விட்ரிஃபைடு போடுறதை நான் மனசார எதிர்க்கிறேன். ஆத்தங்குடிக் கல்லு சூளையில சுடுற கல்லு இல்ல. கண்ணாடிச் சட்டத்து மேல தகர அச்சு வச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் கலர் சிமெண்ட்டைக் கையால ஊத்தி, அச்சைத் தூக்கிட்டு, காஞ்ச மணலும் சிமெண்ட்டும் தூவி, மேல ஈரக் கலவை போட்டு அமுக்கி, ஒரு நாள் விட்டு தண்ணித் தொட்டியில ஊறப் போட்டு எடுக்குறது. கண்ணாடியோட ஒட்டிக் கெடந்த பக்கம்தான் நாம நடக்குற பக்கம், அந்த வழவழப்பு கண்ணாடி குடுத்தது. ஆத்தங்குடிக்கு ஒரு நடை போய் ஏதாவது ஒரு பட்டறையில நின்னு பாருங்க, கை அச்சுக்கு மேல எப்படிப் போகுதுன்னு பார்த்தீங்கன்னா தரையைப் பேக்க மனசு வராது. நடக்க நடக்கப் பளபளப்பு ஏர்ற தரை அது. உங்க தரை மங்கலா இருக்குறது நடக்க ஆள் இல்லாததால.

விட்ரிஃபைடுல இன்னொரு சிக்கல், அது ஈரத்தை விடாது. தரைக்குக் கீழ இருக்குற ஈரம் மேல வர வழியில்லாம பக்கத்துச் சுவரைத் தேடிப் போகும். சுவரைச் சரி பண்ணிட்டுத் தரையை மூடுனா செஞ்ச வேலை வீணு.

உடைஞ்ச கல்லு இருந்தா அந்தக் கல்லை மட்டும் மாத்துங்க. பழைய கல்லு ஒண்ணை எடுத்துட்டுப் பட்டறைக்குப் போங்க, போட்டோ காட்டாதீங்க, போன்ல சிவப்பு வேற மாதிரி தெரியும். அதே அச்சு பல பட்டறையில இருக்கும், கலரை ரெண்டு மூணு சாம்பிள் போட்டுக் காட்டச் சொல்லுங்க, தேவைக்கு மேல கொஞ்சம் கூடவே வாங்கி பரண்ல போட்டு வைங்க, அடுத்த வருசம் அதே கலர் வரும்னு சொல்ல முடியாது. புதுக் கல்லை கூடத்து நடுவுல போடாம, ஓரத்துல சுவரடியில இருக்குற பழைய கல்லைக் கழட்டி நடுவுல போட்டுட்டு புதுசை ஓரத்துக்குத் தள்ளுங்க, கண்ணுக்குத் தெரியாது. கழுவுறதுக்கு ஆசிட் மட்டும் தொடவே கூடாது, சிமெண்ட் கல்லு, மேல் கலரை அரிச்சுத் தின்னுரும். வெறும் தண்ணியில தொடைச்சு, எப்பவாவது துணியில தேங்காயெண்ணெய் தொட்டுத் தேச்சா போதும். முகப்புல பளிங்கு இருந்தாலும் ஆசிட் ஆகாது.

முற்றத்துக்கு ஷீட் போடுறது பத்தி. எனக்கு இதுல கொஞ்சம் கோவமே வரும், பொறுத்துக்கங்க. வளவுல வெயில் காலத்துலயும் உக்கார முடியுதுன்னா அதுக்குக் காரணம் சூடான காத்து முற்றம் வழியா மேல போயிருது, அந்த இடத்துக்கு ரேழியிலருந்தும் பின்கட்டுலருந்தும் காத்து வருது. ஒரே நேர்கோட்டுல தலைவாசல்லருந்து பின்வாசல் வரைக்கும் பாத்தா தெரியுற மாதிரி கட்டுனது சும்மா அழகுக்கு இல்ல. மேல பாலிகார்பனேட் போட்டு மூடுனீங்கன்னா வெயில் உள்ள வரும், சூடு வெளிய போகாது, ரெண்டாவது வருசம் ஏசி வேணும்பீங்க, ஏசிக்கு வளவை அடைக்கணும்பீங்க, அதோட அது வளவே இல்ல.

மழைத் தண்ணி உள்ள விழணும்னுதான் நாலு பக்கக் கூரையையும் உள்பக்கம் சாய்ச்சிருக்காங்க. ஆயா அப்பத்தா காலத்துல கூரை மூலையில அண்டா வச்சுப் புடிச்சாங்க, மிச்சம் முற்றத்துச் சலதாரை வழியா தெரு வாய்க்கா, அங்கருந்து ஊருணி. தெருவையே அந்த வாட்டத்துக்குத்தான் போட்டாங்க, மழை குறைஞ்ச காஞ்ச சீமையில ஊர் அமைச்ச விதமே தண்ணியை வச்சுத்தான். இன்னைக்கு உங்க சலதாரை அடைச்சிருக்கும், பாதிப் பேரு வீட்ல அடைச்சிருக்கு. ஒரு குடம் தண்ணி ஊத்தி எவ்வளவு நேரத்துல போகுதுன்னு பாருங்க, வெளிய எங்க வருதுன்னு ஒருத்தரை நிப்பாட்டிப் பாருங்க. அடைப்பு எடுக்குறதுக்கு ஆகுற செலவு ஷீட்டுச் செலவுல ஒரு ஓரத்துக்குக் கூட வராது. குரங்கும் புறாவும் தொல்லைன்னா மேல கம்பி வலை போட்டுக்கங்க, காத்தும் மழையும் வரட்டும். கல்யாணத்துக்கு மழை வந்துருமேன்னு பயமா இருந்தா அந்த ரெண்டு நாளைக்கு மட்டும் பந்தல்காரரை வச்சு மேல மூடிக்கலாம், வளவுக்குப் பந்தல் போடுறது புதுசு இல்லையே.

மரம். பச்சை எனாமலை எடுக்கலாம், ஆனா மிஷின் வச்சு தேய்க்க விடாதீங்க, அதுவும் செதுக்கு வேலை உள்ள தூண் தலை, நிலைக்கதவு, நிலைக்கு மேல லட்சுமியும் யானையுமா செதுக்குன பலகை இதுல எல்லாம் சாண்டிங் மிஷின் பட்டா மூக்கும் விரலும் ஒண்ணா மழுங்கிரும், போனது போனதுதான். பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, மூங்கில் குச்சியும் நார் பிரஷ்ஷும் வச்சு ஆளுக்கு ஒரு தூணுன்னு உக்காந்துதான் எடுக்கணும். பழைய பெயிண்ட்டுல ஈயம் இருக்கும், காஞ்ச பெயிண்ட்டைச் சொரண்டிப் புழுதி கெளப்பாதீங்க, நெருப்பு வச்சுக் காட்டவும் வேண்டாம், வேலையாளுங்களுக்கு மாஸ்க் குடுங்க, சின்னப் புள்ளைங்களை அந்தப் பக்கம் விடாதீங்க. பெயிண்ட் போனப்புறம் ஆளிவிதை எண்ணெய் மெலிசா ரெண்டு தடவை தேச்சா தேக்கு தானா எழுந்து வரும். பாலிஷ் கடைக்காரரு கண்ணாடி மாதிரி ஒரு கோட்டிங் சொல்லுவாரு, வேண்டாம்.

முகப்பு மேல இருக்குற சுதைப் பொம்மைகளுக்கு எனாமல் அடிக்காதீங்க, சுண்ணாம்புல கலர் கலந்து அடிக்கத் தெரிஞ்சவங்களை வச்சுச் செய்யுங்க, இல்லாட்டி அடிக்காமலே விடுங்க. மங்குன கலர் ஒண்ணும் குறை இல்ல.

பாத்ரூம், கரண்டு, ஏசி இதெல்லாம் வேணும்தான், வெளிநாட்லருந்து வர்ற புள்ளைங்க தங்கணும்ல. ஆனா வளவு அறைக்குள்ள பாத்ரூம் வைக்காதீங்க, அந்தச் சுவருக்கு ஈரத்தை நீங்களே கொண்டு போய்க் குடுக்குற மாதிரி ஆயிரும். பின்கட்டுலயோ, கட்டுக்கு வெளிய இருக்குற காலி இடத்துலயோ தனியா கட்டுங்க, அங்க சிமெண்ட், டைல்ஸ், என்ன வேணா போட்டுக்கங்க, புது இடத்துக்குப் புது வேலைதான் பொருத்தம். மட்டப்பாவுக்கு மேல தண்ணி டேங்க் வைக்கவே வேண்டாம், தனியா தூண் கட்டி வைங்க. வயரிங்குக்குப் பழைய பூச்சைக் கொத்திக் காடி எடுக்க விடாதீங்க, அந்தக் காலத்துல மாதிரி மரப்பட்டி வச்சு மேலயே ஓட்டலாம், பாக்கவும் நல்லா இருக்கும்.

இப்ப மரம் எங்க போகும்னு சொல்றேன்னேன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைங்க வரிசையா இருக்கு, தூணு, நிலை, சன்னல், ரவிவர்மா படம், எனாமல் பாத்திரம், கண்ணாடின்னு கெடக்கும். ஒவ்வொண்ணும் ஒரு வீடு. சென்னையில, பெங்களூர்ல ஹோட்டல் வாசல்ல நிக்கிற தூணைப் பார்த்து "என்ன அழகா மாத்திட்டாங்க"ன்னு சொல்றோம், அந்தத் தூணு எந்த வளவுலருந்து போச்சுன்னு நினைச்சுப் பாக்கணும், அங்க ஒரு அழகான படம் வந்தா இங்க ஒரு கூரை இறங்கிருச்சுன்னு அர்த்தம். கடைக்காரங்களைக் குத்தம் சொல்லல, விக்கிறவங்க இருக்கப் போய்த்தான் வாங்குறாங்க, ஒரு வீட்டுக்கு அம்பது பங்கு இருந்தா என்ன பண்ணுவாங்க. முட்டுக்காடு தக்ஷிணசித்ராவுல ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பிரிச்சு எடுத்துட்டுப் போய் திரும்ப எழுப்பி வச்சிருக்காங்க, 1996ல அந்த இடத்தைத் தொறந்தாங்க, இடிச்சு மரமா போக வேண்டியது வீடா நிக்குது, அது நல்ல வேலை. ஆனா நிக்குற வீட்டை நின்ன இடத்துலயே வச்சுக்கிறதுக்கு ஈடு இல்ல.

அதனால வேலையைத் தொடங்குறதுக்கு முன்னாடி பங்காளிங்க எல்லாருகிட்டயும் எழுத்துல சம்மதம் வாங்கிக்கங்க. ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான தம்பதிக் குடும்பம்) வளவுல ஒரு அறை பாத்தியம் இருக்கும், உங்க காசைப் போட்டு பொது வளவைச் சரி பண்ணிட்டு அப்புறம் மனஸ்தாபம் வந்தா வீடு திரும்பப் பூட்டுதான். படைப்புக்கு எல்லாரும் கூடுறப்ப பேசுங்க, செலவு குடுக்க முடியாதவங்க கையெழுத்தாவது குடுக்கட்டும். கூரையும் சலதாரையும் பொதுச் செலவு, அவங்கவங்க அறை அவங்கவங்க செலவுன்னு பிரிச்சா பெரும்பாலும் ஒத்துக்கிறாங்க. இதோட ஒரு சாமான் பட்டியலும் போட்டுருங்க, எந்த அறையில என்ன இருக்குன்னு, வேலை நடக்குறப்ப ஆளு வந்து போற வீட்ல அது ரெண்டு பக்கத்துக்கும் நல்லது.

போய்ப் பாக்க வேண்டிய இடம் சொல்றேன். கொத்தமங்கலத்துல சாரதா விலாஸ், ரெண்டு பிரெஞ்சு ஆர்க்கிடெக்ட்டுங்க எடுத்துச் சரி பண்ணித் தங்குமிடமா நடத்துறாங்க, செட்டிநாட்டு ஊர்களை உலகத்துக்கு எடுத்துச் சொன்னதுல அவங்க பங்கு பெருசு, 2014ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியல்ல இந்த ஊருங்க சேர்ந்துச்சு. கானாடுகாத்தான்ல விசாலம், மகளுக்காக அப்பச்சி கட்டுன வீடு, ரொம்ப முந்தின காலத்து வளவு வீடு இல்ல, ஆர்ட் டெக்கோ சாயல்ல இருக்கும், இப்ப ஹோட்டல். கடியாபட்டியில சிதம்பர விலாஸ். ஆத்தங்குடியில பெரிய வீடு, அது டிக்கெட் வாங்கிட்டுப் பாக்குற வீடா இருக்கு. இங்கெல்லாம் போனா எல்லாரும் தூணுகிட்ட நின்னு படம் எடுப்பாங்க, நீங்க மூலைக் கூரையையும் முற்றத்து ஓரத்தையும் சுவரோட கீழ் ரெண்டு அடியையும் பாருங்க, பாத்ரூமை எங்க வச்சிருக்காங்கன்னு பாருங்க, பைப்பு எந்த வழியா போகுதுன்னு கேளுங்க. எல்லாமே ஹோட்டல், டிக்கெட் வருமானத்துல நடக்குறது, உங்களுக்கு அந்த வருமானம் கெடையாது, அதையும் மனசுல வச்சுக்கிட்டுப் பாருங்க. எல்லா வீடும் ஹோட்டல் ஆக வேண்டியதில்ல, ஒருத்தரைக் குடிவச்சு தினம் சன்னல் தொறந்து முற்றம் கூட்ட வச்சாலே பாதி வீடு பொழைச்சுக்கும்.

காசு விஷயம் கேட்டிருந்தீங்க, இடத்தைப் பாக்காம நம்பர் சொல்றது சரியில்ல. வரிசை சொல்றேன், இந்த வருசம் பங்காளிங்க சம்மதம், படம், பட்டியல், சலதாரை, அரசங்கன்னு. அடுத்த தையில கூரை. அதுக்கடுத்து ஒரு மழைக் காலம் முழுக்க எங்கயாவது ஒழுகுதான்னு பாக்க விட்டுருங்க, அந்த நேரத்துல பின்கட்டுல பாத்ரூம் கட்டிக்கலாம். அப்புறம் சுவர், அப்புறம் தரையில உடைஞ்ச கல்லு, தூணு எனாமல் எடுக்குறது, கடைசியா கலர். மூணு வருசம் ஆகும். கையில காசு இருக்குற வருசம் செய்யுங்க, இல்லாத வருசம் நிறுத்தலாம், கூரை முடிஞ்சிருச்சுன்னா எங்க நிறுத்துனாலும் வீடு கெடாது, ஆனா கலர்ல ஆரம்பிச்சு நடுவுல நிறுத்துனா எல்லாமே வீண்.

முன்னாடி படம் இப்பவே எடுத்து வைங்க, முகப்பு மட்டும் இல்ல. ஒவ்வொரு அறையோட நாலு சுவரும், கூரை உள்பக்கம் ஒவ்வொரு கைமரமும் சாக்பீஸ்ல நம்பர் போட்டு, உப்பு ஏறுன உயரம் தெரிய ஒரு அடிஸ்கேலைப் பக்கத்துல வச்சு. அடுத்த வருசம் அதே இடத்துல அதே ஸ்கேலை வச்சு இன்னொரு படம் எடுத்தா உப்பு ஏறிருக்கா இறங்கிருக்கான்னு தெரிஞ்சுரும், காண்ட்ராக்டர்கிட்டயும் யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல. அந்தக் காண்ட்ராக்டரை வேண்டாம்னு அனுப்பிராதீங்க, பின்கட்டு பாத்ரூம் வேலையையும் டேங்க் தூணையும் அவருகிட்டயே குடுங்க, சுண்ணாம்பு வேலைக்கும் மர வேலைக்கும் மட்டும் அதுலயே கை பழகுன கொத்தனாரையும் ஆசாரியையும் தனியா பாருங்க, அவங்க முன்னாடி செஞ்ச வீட்டை ஒரு மழை கழிச்சுப் போய்ப் பார்த்துட்டு அட்வான்ஸ் குடுங்க. மூலைக் கூரை படமும் சலதாரை தெருவுல வந்து விழுற இடத்துப் படமும் எடுத்தப்புறம் கேளுங்க தம்பி, மிச்சத்தை அதைப் பார்த்துட்டுச் சொல்றேன்.